கடலேரிக் கரையில் பாடசாலைக் கட்டடம்: பைலுக்கு முன் மண்ணைப் பாருங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். யாழ்ப்பாணக் கடலேரிக் கரையோரம் இருக்கும் உங்கள் பாடசாலைக்குப் பழைய மாணவர் சங்கம் இரண்டு மாடி வகுப்பறைக் கட்டடம் கட்டிக் கொடுக்கப் போகிறது. காணியின் பின்பாதி முன்னொரு காலத்தில் மணல் கொட்டி நிரப்பியது. சங்கத்தில் ஒருவர் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச்சில் இருக்கிறார். 2011 பூமியதிர்ச்சியில் தன் வளவுக்குள் சேறு பொங்கியதைக் கண்டவர், "அதிர்ச்சி வந்தால் இந்த மணலும் தண்ணியாகும்" என்கிறார். ஒப்பந்தகாரர் பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண்) இறக்கினால் பிரச்சினை தீர்ந்தது என்கிறார். மற்றவர்கள் இலங்கையில் எங்கே பூமியதிர்ச்சி என்று சிரிக்கிறார்கள். அதே வளவில் நிற்கும் பழைய மண்டபத்துக்கும் ஏதாவது செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பைலுக்கென்று ஒதுக்கிய காசில் சிறு பங்கை எடுத்து முதலில் துளையிட்டு மண்ணைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் பெரும்பாலான இடங்களில் சுண்ணாம்புக்கல் அதிக ஆழத்தில் இல்லை. கல்லுக்கு மேலே கிடக்கும் தளர்ந்த மணல் மூன்று நான்கு மீற்றர்தான் என்றால், அதைத் தோண்டி எடுத்துத் திரும்ப இறுக்கிப் போடுவதே போதும். அதிர்ச்சி ஒருநாளும் வராவிட்டாலும் அந்த வேலை வீண்போகாது. நிரப்பிய மணலில் கட்டிய சுவர் மூன்றாம் மாரியில் வெடிப்பது இங்கே எவரும் காணாத காட்சியல்ல. இரண்டு நோய்க்கும் மருந்து ஒன்றே.

மண் ஏன் தண்ணியாகிறது? கசூரினாக் கடற்கரையில், அலை வந்து திரும்பிய ஈர மணலில் ஒரே இடத்தில் நின்று காலை வேகமாக மிதித்துப் பாருங்கள். கல்லுப்போல் கிடந்த மணல் பளபளவென்று ஈரம் கக்கும், கால் புதையும். மணி மணியாக ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துதான் மணல் பாரம் தாங்குகிறது. குலுக்கும்போது மணிகள் நெருங்கப் பார்க்கும். இடையில் நிற்கும் தண்ணீருக்கு வெளியேற நேரமில்லை. அதன் அழுத்தம் ஏறி, மணிகளை ஒன்றிலிருந்து ஒன்று தூக்கிவிடுகிறது. அந்தச் சில விநாடிகளுக்கு அது மணல் அல்ல, பாரமான குழம்பு. மேலே நிற்பது தாழும், உள்ளே வெறுமையாகக் கிடப்பது மிதக்கும். இப்படி நடக்க மூன்று விஷயங்கள் ஒருங்கே வேண்டும்: மணல் தளர்ந்திருக்க வேண்டும், நீரில் ஊறியிருக்க வேண்டும், குலுக்கல் போதிய பலத்தோடு போதிய நேரம் நீடிக்க வேண்டும். மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டாலே கதை முடிந்தது. நிலத்தைப் பலப்படுத்தும் முறைகளில் பெரும்பாலானவை முதல் இரண்டில் ஒன்றில் கைவைப்பவைதான். மூன்றாவது நம் கையில் இல்லை.

அந்த மூன்றாவதைப் பற்றி. இலங்கை புவித்தட்டின் விளிம்பில் இல்லை, உள்ளே தள்ளி இருக்கிறது. அதனால் அதிர்ச்சி அரிது. அரிது என்றால் இல்லை என்று பொருளில்லை. 1615 ஏப்ரலில் கொழும்பைக் குலுக்கி வீடுகளை இடித்த அதிர்ச்சி போர்த்துக்கேயர் காலப் பதிவுகளில் இருக்கிறது. 1993 செப்டெம்பர் 30இல் மகாராட்டிரத்தின் கில்லாரியில் அதிரும் என்று எவரும் நினைத்திராத நிலத்தில் 6.2 அளவில் ஒன்று வந்து ஏறத்தாழப் பத்தாயிரம் பேரைக் கொன்றது. 2001 செப்டெம்பரில் புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்கடியில் 5.5 அளவில் ஒன்று; அது நமக்குத் தூரத்து இடமல்ல. 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் அதிர்ந்தபோது இங்கேயும் உணர்ந்தார்கள், கரையோரச் சனம் உள்ளே ஓடியது. ஆகவே கிறைஸ்ட்சேர்ச் அளவுக்கு இங்கே பயப்படத் தேவையில்லை. அந்த நகரம் 2010 செப்டெம்பரில் 7.1, 2011 பெப்ரவரியில் 6.2 என்று அடுத்தடுத்து அடிவாங்கியது. இரண்டாவதில் 185 பேர் இறந்தார்கள். பிறகு ஏறத்தாழ எட்டாயிரம் வீட்டுக் காணிகளை இனிக் குடியிருக்க உதவாது என்று அரசு ஒதுக்கியது. அந்த நிலத்தின் பயத்தை அப்படியே இங்கே இறக்குமதி செய்தால் காசுதான் வீணாகும். ஆனால் ஒரு தனி வீட்டுக்கு நான் கவலைப்படாத அபாயத்தைப் பாடசாலைக்குக் கவனிக்கச் சொல்வேன். அங்கே பகலில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள். 2004 சுனாமி முடிந்த அன்று சனம் போய்த் தங்கியதும் பாடசாலைகளிலும் கோயில்களிலும்தான். ஊர் இடிந்துபோகும் நாளில் நிற்க வேண்டிய கட்டடம் அது.

இனி யாழ்ப்பாண மண். வலிகாமத்துச் செம்மண் தோட்டக் காணியில் இந்தக் கேள்வியே எழாது. ஓரிரு மீற்றரில் கல் முட்டும், செம்மண்ணில் களியும் இருக்கிறது. அங்கே நான் கவலைப்படுவது கல்லுக்குள் இருக்கும் பொக்கைகளை, அதாவது தண்ணீர் கரைத்த வெற்றிடங்களைப் பற்றி. நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கல்லின் குணத்தை விளக்கத் தேவையில்லை. வடமராட்சி கிழக்கில் வல்லிபுரம், மணற்காடு பக்கத்து மணல்மேடுகள் தளர்ந்த மணல்தான், ஆனால் மேட்டின் மேற்பகுதி காய்ந்து கிடக்கிறது. நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் மணல் தண்ணியாகாது. மேட்டின் அடிவாரத்தில் கட்டுபவர்தான் யோசிக்க வேண்டும். கவனிக்க வேண்டிய இடம் கடலேரியின் ஓரம்: நாவாந்துறை, குருநகர், பாசையூர், அரியாலையின் தென்பக்கம், நாவற்குழி, தொண்டைமானாற்றங்கரையின் தாழ்ந்த இடங்கள். அதிலும் இயற்கையாகப் படிந்த மணலைவிட மனிதன் கொண்டுவந்து கொட்டிய மணல் மோசமானது. டிப்பரில் கொட்டி, மட்டம் தட்டி, மேலே கொஞ்சம் கிரவல் பரவிவிட்டுப் போயிருப்பார்கள். அடியில் றோலர் ஓடியிராது. உள்ளே சிப்பி, கட்டட இடிபாடு, குப்பை, பொலித்தீன் எல்லாம் இருக்கும். கோபேயின் துறைமுகத் தீவுகளிலும், தோக்கியோ விரிகுடாவின் உராயசுவிலும், சான் பிரான்சிஸ்கோவின் மரீனா பகுதியிலும் தண்ணியானது இப்படி நிரப்பிய நிலம்தான். உங்கள் காணியின் முன்பாதியும் பின்பாதியும் ஒரே மாதிரி நடக்காது என்பதை இப்போதே மனதில் வையுங்கள். ஒரு கட்டடத்தின் பாதி ஒன்றிலும் பாதி மற்றதிலும் நிற்பது இரண்டிலும் மோசமான நிலை.

துளை எத்தனை, எங்கே? கட்டடத்தின் அடிப்பரப்புக்குள் குறைந்தது மூன்று துளை வேண்டும். முன்பாதியில் ஒன்று, பின்பாதியில் இரண்டு. ஒவ்வொன்றும் கல்லைத் தொட்டபின் கல்லுக்குள்ளும் மூன்று மீற்றராவது போகட்டும். முதலில் தட்டுவது வெறும் மேலோடாக இருந்து கீழே பொக்கை இருக்கலாம். தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் தனியார் நிறுவனங்களும் இதைச் செய்கின்றன. முன்பு சண்டை நடந்த காணியாக இருந்தால் மிதிவெடி அகற்றிய சான்றைக் கையில் வைத்துக்கொண்டே இயந்திரத்தை உள்ளே விடுங்கள்.

துளைக்குள் செய்யும் சோதனை எளிது. 63.5 கிலோ சம்மட்டியை 76 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விழவிட்டு, ஒரு குழாயை மண்ணுக்குள் அடித்து இறக்குவார்கள். கடைசி 30 சென்ரிமீற்றருக்கு எத்தனை அடி தேவைப்பட்டது என்பதே N. தளர்ந்த மணலில் நாலைந்து அடியில் போய்விடும். ஆழத்துக்கும் சம்மட்டியின் திறனுக்கும் திருத்திய N 30ஐத் தாண்டினால் சுத்தமான மணல் எந்த அதிர்ச்சிக்கும் தண்ணியாகாது என்றே எடுத்துக்கொள்கிறோம். நம் தேவைக்கு அவ்வளவும் வேண்டாம் என்பதைக் கணக்குக் காட்டும்.

சீட், இத்ரிஸ் என்ற மண் பொறியியலாளர்கள் இருவரும் 1971இல் தந்த எளிய முறையில் ஒரு எடுத்துக்காட்டு போடுகிறேன். நான்கு மீற்றர் ஆழத்து மணல், நீர்மட்டம் ஒரு மீற்றரில், புவியீர்ப்பில் 0.15 பங்கு முடுக்கம் தரும் 6 அளவு அதிர்ச்சி என்று வையுங்கள். இது கொஞ்சம் கடுமையான அனுமானம்தான். அதிர்ச்சி மண்ணிடம் கேட்கும் பலம், மணிகள் தாங்கும் பாரத்தின் பங்காகச் சொன்னால், ஏறத்தாழ 0.16. திருத்திய N 5 என்றால் மண்ணால் கொடுக்க முடிவது 0.13, போதாது, தண்ணியாகும். N 10 என்றால் 0.20, தப்பும். N 15 என்றால் 0.28, கவலையே இல்லை. ஆக, ஐந்தைப் பதினைந்தாக்கினால் போதும், முப்பதாக்க வேண்டியதில்லை. இதைச் செய்ய மண்ணுக்குள் சீமெந்து ஊற்றத் தேவையில்லை, இறுக்கினாலே கிடைக்கும்.

அதே கணக்கில் நீர்மட்டத்தை மட்டும் மூன்று மீற்றருக்கு இறக்கிப் பாருங்கள். கேட்பது 0.11 ஆகக் குறைகிறது, N 5 மணலும் மயிரிழையில் தப்புகிறது. அதனால்தான் துளையிட்ட மாதத்தை அறிக்கையில் தேடச் சொல்கிறேன். ஆவணியில் துளையிட்டு, அன்று கண்ட நீர்மட்டத்தை வைத்துக் கணக்குப் போட்ட அறிக்கை உங்களை ஏமாற்றிவிடும். மாரியில் பாடசாலைக் கிணற்றுத் தண்ணீர் எந்தப் படிக்கட்டு வரை ஏறும் என்பதை அங்கே நெடுங்காலம் வேலை செய்த காவலாளியிடமோ பக்கத்து வீட்டு அம்மாவிடமோ கேளுங்கள். கிணற்றுச் சுவரில் கறை கோடு போட்டிருக்கும், அதை நாடா வைத்து அளந்து பொறியியலாளரிடம் கொடுங்கள். கணக்கு மார்கழித் தண்ணீருக்கு.

தோண்டுவது ஆவணியில். தோண்டி இறுக்குவதே நான் முதலில் பரிந்துரைக்கும் முறை. தளர்ந்த மணலைக் கல் வரை, அல்லது இறுகிய படை வரை தோண்டி எடுத்து, குப்பையையும் சேற்றையும் விலக்கி, அதே மணலை 20, 25 சென்ரிமீற்றர்ப் படைகளாகத் திரும்பப் போட்டு அதிர்வு றோலர் ஓட்டுவது. மணலைச் சம்மட்டியால் குத்தினால் பக்கத்தால் பிதுங்கும், அதிர்வித்தால்தான் இறுகும். தோண்டும் பரப்பு கட்டடத்தின் ஓரத்தோடு நின்றுவிடக் கூடாது. தோண்டும் ஆழத்தில் பாதியளவாவது வெளியே போக வேண்டும், இடமிருந்தால் முழு அளவு. கடலேரிப் பக்கம் நிச்சயமாக முழு அளவு, ஏனென்றால் தண்ணியான நிலம் தாழ்வதோடு நில்லாமல் திறந்த பக்கமாக வழியவும் செய்யும்.

இதில் ஒரு சிக்கல் தண்ணீர் இறைப்பது. கிடங்கு காய்வதற்காக இரவும் பகலும் பம்ப் வைத்து இறைத்தால் பக்கத்து வீட்டுக் கிணறுகள் உவராகும். நம் நன்னீர் உவர்நீருக்கு மேலே மெல்லிய வில்லையாக மிதக்கிறது. கொள்கையளவில், நன்னீர் மட்டம் ஒரு மீற்றர் இறங்கினால் கீழிருந்து உவர்நீர் நாற்பது மீற்றர் ஏறப் பார்க்கும். கடலேரி ஓரத்தில் வில்லையின் தடிப்பே கொஞ்சம்தான். உவரான கிணறு திரும்ப நன்னீராகப் பல மாரிகள் எடுக்கலாம். ஊரோடு பகைத்துக்கொண்டு பாடசாலை கட்ட முடியாது. ஆகவே கோடை முடிவில், நீர்மட்டம் அடியில் கிடக்கும்போது, காணியைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தோண்டுங்கள். ஒரு துண்டு முடிந்து மூடியபின் அடுத்தது. ஐப்பசி மழைக்கு முன் நிலமட்டத்துக்கு வந்துவிட வேண்டும். நீர்மட்டத்துக்குக் கீழேயும் இரண்டு மீற்றருக்கு மேல் தோண்ட வேண்டி வந்தால் இந்த முறையைக் கைவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

அடுத்தது கற்றூண்கள். அதிரும் ஊசியொன்றை மண்ணுக்குள் இறக்கி, வந்த வழியெல்லாம் சல்லிக்கல்லை நிரப்பி இறுக்கிக்கொண்டே மேலே வருவார்கள். முக்கால் மீற்றர் அளவில் விட்டம், இரண்டு மீற்றர் அளவில் இடைவெளி. சுற்றியுள்ள மணல் இறுகும், தூண் வழியே தண்ணீர் அழுத்தமும் வெளியேறும். தண்ணீர் இறைக்கத் தேவையில்லை. ஆனால் இயந்திரம் கொழும்பிலிருந்தும், கருங்கல் வன்னியிலிருந்தோ அப்பாலிருந்தோ வர வேண்டும்; ஒரு சிறிய பாடசாலைக் கட்டடத்துக்கு அந்தச் செலவு கட்டுபடியாவது கடினம். மணலில் வண்டல், களி போன்ற நுண்மண் 15 வீதத்துக்கு மேல் இருந்தால் இறுகுவதும் குறையும். பத்துத் தொன் பாரத்தைப் பத்து மீற்றர் உயரத்திலிருந்து போட்டு இறுக்கும் முறையும் இருக்கிறது. ஐந்து மீற்றர் ஆழம் வரை வேலை செய்யும். வெட்டவெளிக்கு நல்லது. வீடும் பழைய மண்டபமும் நெருங்கி நிற்கும் உங்கள் வளவுக்கு வேண்டவே வேண்டாம்.

இந்த முறைகள் வெறும் கணக்கு அல்ல. 2011 மார்ச்சில் யப்பானில் பெரிய அதிர்ச்சி வந்தபோது உராயசுவில் தோக்கியோ டிஸ்னிலாந்தின் வாகனத் தரிப்பிடம் சேறாகப் பொங்கியது. மணல் தூண்களால் இறுக்கியிருந்த பூங்காப் பகுதி ஏறத்தாழச் சேதமின்றி நின்றது. 1995இல் கோபே துறைமுகத்தில் ஓரியன்டல் ஹோட்டலின் அடியில் சீமெந்தும் மண்ணும் கலந்து பெட்டி பெட்டியாகச் சுவர் அமைத்திருந்தார்கள். சுற்றியிருந்த துறைச் சுவர்கள் கடல் பக்கம் தள்ளுண்டு போயின, கட்டடம் நின்றது.

பைல்? எனக்குப் பைலோடு பகையில்லை. தளர்ந்த மணல் எட்டுப் பத்து மீற்றர் என்று துளை காட்டினால் நானே பைல் என்பேன். ஆனால் பைல் மண்ணைத் திருத்துவதில்லை, கட்டடத்தை மண்ணிலிருந்து பிரித்து வைக்கிறது. சுற்றியுள்ள நிலம் அரை அடி தாழ்ந்தால் வாசற்படி தொங்கும், குழாய் முறியும், மலசலகூடம் ஒரு பக்கம் சாயும். மண் கடலேரிப் பக்கம் நகர்ந்தால் பைலையும் வளைத்துக்கொண்டு போகும். 1964இல் யப்பானின் நீகாட்டாவில் வந்த அதிர்ச்சியில் நின்றபடியே இருந்த ஒரு கட்டடத்தை இருபது வருடம் கழித்துத் தோண்டியபோது பைல்கள் அடியில் முறிந்து கிடந்தன. நம் சுண்ணாம்புக் கல்லில் இன்னொரு தொல்லை: பைல் நுனி எந்தப் பொக்கையின் கூரையில் குந்தியிருக்கிறது என்று தெரியாது. பைல் போடுவதானால் ஒவ்வொரு பைலுக்கும் கீழே தனியாக ஒரு துளையிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் செலவையும் சேர்த்த விலையை ஒப்பந்தகாரரிடம் கேளுங்கள், பிறகு ஒப்பிடலாம்.

இறுக்கிய மணலுக்கு மேலே தனித்தனி அத்திவாரங்கள் வேண்டாம். தடித்த நிலவளைகளால் (நிலமட்டத்தில் ஓடும் கொங்கிரீட் விட்டங்களால்) எல்லாத் தூண்களையும் பிணையுங்கள், முடிந்தால் முழுத் தளத்தையும் ஒரே கொங்கிரீட் பலகையாக வார்த்துவிடுங்கள். நிலம் ஒரு பக்கம் கொஞ்சம் கூடத் தாழ்ந்தாலும் கட்டடம் ஒன்றாகச் சாயும், நடுவில் பிளக்காது.

பழைய மண்டபத்துக்கு வருகிறேன். நிற்கும் கட்டடத்தின் அடியில் தோண்ட முடியாது, அதிர்விக்கவும் முடியாது. வழமையான வழி தடித்த சீமெந்துச் சாந்தை அழுத்தத்தோடு குமிழ் குமிழாக உள்ளே செலுத்திச் சுற்றியுள்ள மணலை நெருக்குவது. விலை கூடியது. அழுத்தம் மிஞ்சினால் தரையே மேலே எழும்.

இப்போது பேசப்படும் புது வழி பற்றீரியா. மண்ணில் ஏற்கெனவே வாழும் பற்றீரியாவுக்குத் தீனி போட்டு இரண்டில் ஒன்றைச் செய்விக்கலாம். ஒன்று, யூரியாவும் கல்சியம் உப்பும் கொடுத்து, மணிகளுக்கிடையே கல்சியம் காபனேற்றைப் படியவைத்து மணலை ஒட்டவைப்பது. மற்றது, நைத்திரேற்றுக் கொடுத்து நைதரசன் வாயுக் குமிழ்களை உண்டாக்குவது. தண்ணீருக்குள் சிறிதளவு வாயு இருந்தாலே குலுக்கும்போது குமிழ் சுருங்கி அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் இதை உண்மையான நிலத்தில் செய்து பார்த்திருக்கிறார்கள். கட்டடத்தை அசைக்காமல் செய்யக்கூடியது என்பதால் எனக்கும் இதில் ஆர்வம் உண்டு. ஆனால் யாழ்ப்பாணத்தில் இன்றைக்கு இதைச் செய்ய நான் கையொப்பமிட மாட்டேன். முதல் வழியில் கழிவாக அமோனியம் வருகிறது, இரண்டாவதில் நைத்திரேற்றையே நிலத்துக்குள் ஊற்றுகிறோம். உரத்தால் ஏற்கெனவே பல கிணறுகளில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டி நிற்கும் ஊர் இது. பொக்கைக் கல்லுக்குள் இன்று ஊற்றியது நாளை யார் கிணற்றில் வரும் என்று யாருக்கும் தெரியாது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த காலத்தை மறந்துவிட்டு இப்படி ஒரு பரிசோதனைக்கு எவரும் சம்மதிக்கவும் மாட்டார்கள்.

மண்டபத்துக்கு என் யோசனை எளிமையானது. ஒற்றைத் தளம், ஓட்டுக் கூரை என்றால் அடிநிலத்தை விட்டுவிடுங்கள். தூண்களை நிலமட்டத்தில் வளைகளால் பிணைத்து, சுவரின் மேலே ஒரு சுற்று வளை போட்டு, கூரைப் பாரம் குறையுமாறு பாருங்கள். நிலம் தாழ்ந்தால் மண்டபம் பழுதாகலாம். பிள்ளைகள்மேல் விழாமல் இருந்தால் போதும். காசு இரண்டு மாடிக்குப் போகட்டும்.

எல்லோரும் மறப்பது மலக்குழியையும் நிலக்கீழ்த் தண்ணீர்த் தொட்டியையும். தண்ணியான மணலின் அடர்த்தி தண்ணீரைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. பாதி வெறுமையான கொங்கிரீட் தொட்டி அதில் வள்ளம்போல் மிதந்து தரையைக் கிழித்துக்கொண்டு வரும். இறுக்கிய பரப்புக்குள்ளேயே தொட்டியை வையுங்கள், அடித்தட்டைச் சுவருக்கு வெளியேயும் நீட்டி அதன்மேல் மண்ணைப் பாரமாகப் போடுங்கள். கட்டடத்துக்குள் நுழையும் குழாய்களுக்கு வளையும் இணைப்பு. பெரிய செலவில்லாத வேலை.

ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்: இறுக்கிய பின் இரண்டு மூன்று வாரம் விட்டு, பொறியியலாளர் காட்டும் இடங்களில் திரும்பத் துளையிட்டு, குறித்த N கிடைத்தால் மட்டுமே அந்தக் கட்டத்துக்கான கொடுப்பனவு. "ஆறு தரம் றோலர் ஓட்ட வேண்டும்" என்று எழுதினால் ஆறு தரம் ஓடும், அவ்வளவுதான். என்ன N வேண்டும் என்பதை உங்கள் துளைகளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆழத்துக்கு ஆழம் N, நுண்மண் வீதம், மாரி நீர்மட்டம், கல் தட்டிய ஆழம், இந்த நான்கையும் எழுதுங்கள். கணக்குப் போட ஒரு பின்னேரம் காணும்.